வெங்காயத்தாமரையில் மருந்து இருக்கிறதா?

வெங்காயத்தாமரை இலைச்சாறு பாக்டீரியாவைக் கொல்கிறது, புற்றுநோய் செல்களின் வளர்ச்சியைத் தடுக்கிறது, ஆக்சிஜனேற்றத்தை எதிர்க்கிறது. இந்தக் களை நீர்நிலைகளை மூடியிருக்கும் நாடுகளிலிருந்தெல்லாம் இப்படி முடிவு சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நம் கல்லூரிகளில் தாவரவியலும் உயிர்வேதியியலும் படிக்கும் எம்.எஸ்சி. மாணவர்களுக்கும் இது கைக்கு எட்டும் புராஜெக்ட். செடிக்குக் காசு கிடையாது, பக்கத்து ஏரியிலேயே கிடைக்கிறது. ஊருக்குத் தொல்லையாக இருப்பதிலிருந்து ஊருக்கு நல்லது ஒன்றை எடுக்கலாம் என்ற எண்ணமும் இளம் மனதை இழுக்கிறது. அந்த ஆர்வத்தை நான் மதிக்கிறேன். அந்த ஆய்வுகளின் முடிவு வாட்ஸ்அப்பில் ஏறி, 'ஏரியில் மண்டிக் கிடக்கும் செடி புற்றுநோயைக் குணமாக்கும்' என்று வீடு வீடாகப் போய்ச் சேர்வதுதான் கவலை தருகிறது.

செடியில் மதிப்புள்ள மூலக்கூறுகள் இருக்கின்றன. அவற்றில் சில மருந்துத் தொழிலுக்கு ஏற்கெனவே நன்கு பழக்கமானவை. ஆனால் கூவத்திலோ உக்கடம் குளத்திலோ பிடுங்கிய செடியைக் காய்ச்சிக் குடித்தால் அந்த மதிப்பு உடம்புக்குக் கிடைத்துவிடாது. உடம்புக்குள் என்ன போகும் என்பதை அந்தச் செடி நின்ற தண்ணீர்தான் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

முதலில் செடியைப் பற்றிக் கொஞ்சம். தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் படுகை. ஜெர்மானியத் தாவரவியலாளர் மார்ட்டியஸ் 1823இல் இதைப் பொன்டெடீரியா கிராசிப்பஸ் என்று விவரித்தார். பிறகு நெடுங்காலம் ஐக்கார்னியா கிராசிப்பஸ் என்ற பெயரில் வழங்கி, அண்மையில் மறுபடியும் பழைய பேரினத்துக்கே திரும்பியிருக்கிறது. ஊதாப் பூவின் அழகுக்காகத்தான் உலகம் இதைக் கை மாற்றிக்கொண்டது. 1884இல் நியூ ஆர்லியன்ஸில் நடந்த பருத்திக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பரவியது. 1890களில் வங்காளத்துக்கு வந்தது. இலங்கைக்கு 1905இல் வந்தது. நான்கே ஆண்டுகளில், 1909இல், இந்த ஒரு செடிக்காகவே அங்கே சட்டம் போட வேண்டியதாயிற்று. வங்காளமும் 1936இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. சத்து மிகுந்த வெதுவெதுப்பான நீரில் இரண்டு வாரத்துக்குள் இரு மடங்காகும். விதை சேற்றில் இருபது ஆண்டுவரை முளைக்கும் திறனோடு கிடக்கும்.

இந்த ஆண்டுகளை நினைவில் வைத்தால் ஒரு குழப்பம் உடனே தீரும். சித்த மருத்துவ நூல்களில் வரும் ஆகாயத்தாமரை வேறு செடி: பிஸ்டியா ஸ்ட்ராடியோட்டஸ். முட்டைக்கோஸ் விரிந்தாற்போல் வெளிர்பச்சை அடுக்காக, காம்பே இல்லாமல் மிதக்கும். பூ இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. வெங்காயத்தாமரைக்கு உருண்டு பருத்த காம்பு, நிமிர்ந்த கொத்தில் ஊதாப் பூ, மேலிதழில் மஞ்சள் பொட்டு. பல ஊர்களில் இரண்டையும் ஆகாயத்தாமரை என்றே அழைப்பதால், மூலத்துக்கும் இருமலுக்கும் பிஸ்டியாவுக்குச் சொன்ன பக்குவத்தை வெங்காயத்தாமரைக்குப் பொருத்திப் பரப்புகிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்கு வந்த செடியைப் பழைய சித்தர் பாடல்கள் எப்படி அறிந்திருக்க முடியும்? வெங்காயத்தாமரைக்கு நம் மருத்துவத்தில் நெடிய அனுபவ வரலாறு கிடையாது. ஆகவே இதைச் சோதிக்கும் பொறுப்பு முழுவதும் ஆய்வகத்தின் தலையில் விழுகிறது.

அந்த ஆய்வகத்தில் என்ன நடக்கிறது? செடியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, பொடியாக்குகிறார்கள். நூறு கிலோ பச்சைச் செடியில் தொண்ணூற்றைந்து கிலோ வரை தண்ணீர். மிஞ்சுவது ஐந்தாறு கிலோ. பொடியைச் சாக்ஸ்லெட் கருவியில் இட்டு ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் என்று வரிசையாகக் கரைப்பான்களை ஓட்டுகிறார்கள். எண்ணெய்த்தன்மை உள்ளவை ஹெக்சேனில் இறங்கும்; சர்க்கரை ஒட்டிய பொருள்களும் பினால்களும் மெத்தனாலில் வரும். கரைப்பானை ஆவியாக்கினால் பசை போல ஒரு சாறு நிற்கும். நூற்றுக்கணக்கான வேதிப்பொருள்களின் கலவை அது.

அடுத்து நிறச் சோதனைகள். டிராகன்டார்ஃப் வினைபொருளைச் சேர்த்து ஆரஞ்சு வீழ்படிவு வந்தால் ஆல்கலாய்டு. ஃபெரிக் குளோரைடு விட்டுக் கரும்பச்சையோ கருநீலமோ வந்தால் பினால்களும் டானின்களும். குலுக்கி நுரை நின்றால் சப்போனின். இவற்றை 'உண்டு', 'இல்லை' என்று அட்டவணை போட்டுவிட்டால் பாதி ஆய்வேடு முடிந்துவிடுகிறது. ஆனால் இந்த அட்டவணைக்கு மருத்துவப் பொருள் மிகக் குறைவு. ஆல்கலாய்டு என்பது ஒரு பெரிய குடும்பப் பெயர். காப்பியின் கஃபீனும் அதில் உண்டு, எட்டிக்கொட்டையின் ஸ்ட்ரிக்னினும் அதில் உண்டு. எது இருக்கிறது, ஒரு கிராமில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாத 'உண்டு' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எந்த மருந்தாளரும் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது.

கொஞ்சம் வசதியுள்ள துறைகளில் சாற்றை ஜிசி-எம்எஸ் கருவிக்கு அனுப்புகிறார்கள். ஆவியாகக்கூடிய மூலக்கூறுகளை அது ஒவ்வொன்றாகப் பிரித்து, உடைத்து, உடைந்த துண்டுகளின் எடையைக் கணினி நூலகத்திலுள்ள பதிவுகளோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்லும். அதை வாயு நிறப்பிரிகை–நிறை நிறமாலை முறை என்பார்கள். முப்பது நாற்பது பெயர்கள் வரிசையாக வருவதைப் பார்க்கும் மாணவருக்கு வரும் மகிழ்ச்சி எனக்குப் புரிகிறது. அந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். ஹெக்சாடெக்கனாயிக் அமிலம் என்று பெரிதாக வருவது பால்மிட்டிக் அமிலம்; நெய்யிலும் பாமாயிலிலும் நிறைந்திருப்பது. பைட்டால் என்பது பச்சையம் உடைந்தால் வருவது. பச்சை இலை எதிலிருந்தும் வரும். தாலேட் என்று முடியும் பெயர்கள் பெரும்பாலும் பிளாஸ்டிக்கை வளைய வைக்கச் சேர்க்கும் பொருள்கள். ஏரியில் கிடக்கும் குப்பையிலிருந்தோ ஆய்வகத்துப் பிளாஸ்டிக் குழாய், புட்டிகளிலிருந்தோ அவை சாற்றில் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அவற்றுக்கு நேரே 'நுண்ணுயிர் எதிர்ப்பு ஆற்றல் உடையது' என்று எழுதிய அட்டவணைகள் அச்சாகியிருக்கின்றன. அதைச் செடியின் மருத்துவ குணமாகப் படிப்பது தவறு, அதுவும் ஆபத்தான தவறு.

மூன்றாவது கட்டம் உயிர்ச் சோதனை. அகார் என்ற கூழ் ஊற்றிய தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, சாற்றில் நனைத்த தாள் வில்லையை வைத்து, சுற்றி உண்டாகும் தெளிந்த வளையத்தை அளக்கிறார்கள். வளையம் வருவது ஒரு குறிப்புத்தான். பொருள் அகாரில் எவ்வளவு எளிதாகப் பரவுகிறது என்பதும் வளையத்தின் அளவை மாற்றும். நம்பத் தகுந்தது, வளர்ச்சியைத் தடுக்கத் தேவைப்படும் மிகக் குறைந்த செறிவு. மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குள் வேலை செய்யும் சாறு கவனத்துக்குரியது. 1,000 மைக்ரோகிராமைத் தாண்டினால் அதைத் தொடர்வதில் பொருளில்லை என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட அளவுகோல். சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து, எதிர்ப்புத்திறன் பெறாத ஈ.கோலை பாக்டீரியாவை 1 மைக்ரோகிராமுக்கும் குறைவிலேயே நிறுத்திவிடும்.

புற்றுநோய்ச் சோதனையும் அப்படியே. தட்டில் வளரும் புற்றுநோய் செல்களைக் கொல்வது கடினமல்ல. உப்பை அள்ளிப் போட்டாலும் அவை சாகும். கேட்க வேண்டிய கேள்வி, அதே செறிவில் நல்ல செல்கள் பிழைக்கின்றனவா என்பது. எகிப்தில் நைல் ஆற்றுச் செடியை வைத்து 2014இல் வெளியான ஓர் ஆய்வு, சாற்றோடு நிற்காமல் அதைப் பிரித்து, தனித்தனிப் பகுதிகளை நான்கு வகைப் புற்றுநோய் செல்களின்மேல் சோதித்தது. அந்தத் திசைதான் சரி. ஆனால் தட்டில் கிடைத்த அந்த முடிவுக்கும் நோயாளியின் படுக்கைக்கும் இடையே விலங்குச் சோதனை, நச்சுத்தன்மைச் சோதனை, மனிதர்களில் பல கட்டச் சோதனை என்று ஆண்டுக்கணக்கான வேலை கிடக்கிறது. வெங்காயத்தாமரையிலிருந்து வந்த எந்தப் பொருளும் அந்த வழியைக் கடந்து மருந்தாக இன்னும் கடைக்கு வரவில்லை.

கடந்து வந்த செடி ஒன்று நம் வீட்டு வாசலிலேயே பூக்கிறது. நித்தியகல்யாணியும் வெளியிலிருந்து வந்ததுதான். மடகாஸ்கர் அதன் தாயகம். ஜமைக்காவில் நீரிழிவுக்காக அதன் இலைக் கசாயத்தைக் குடித்தார்கள். 1950களில் கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அந்த இலைகளை எலிகளில் சோதித்தபோது சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. ஏன் குறைந்தன என்ற கேள்வியை அவர் விடவில்லை. சாற்றைப் பிரித்து, எந்தப் பகுதியில் வெள்ளணுவைக் குறைக்கும் ஆற்றல் தங்குகிறது என்று பார்த்து, அதை மறுபடி பிரித்து, வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து 1958இல் வின்பிளாஸ்டினைத் தனியே எடுத்தார்கள். அடுத்து வந்த வின்கிறிஸ்டின் 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றுவரை குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றியமையாதது. ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குச் சுமார் 500 கிலோ உலர்ந்த இலை வேண்டியிருந்தது. அந்தச் செடியை யாராவது அரைத்துக் குடித்துப் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்தால் அவருக்கு மருந்தின் அளவும் கிடைக்காது, நஞ்சின் அளவும் தெரியாது. மூலக்கூறைத் தனியே பிரித்து, எடை போட்டு, நரம்பு வழி ஏற்றக் கற்றுக்கொண்ட பிறகே அது உயிர் காத்தது.

அந்தக் கண்ணோடு வெங்காயத்தாமரையைப் பார்த்தால், இதற்குள் எது தேடத் தகுந்தது என்பது தெளிவாகும். முதலில் ஸ்டிக்மாஸ்டீரால். செடியின் கொழுப்புச் சாற்றில் இது முக்கியமான ஸ்டீரால், அதாவது கொலஸ்ட்ரால் வகையைச் சேர்ந்த பொருள். 1940 வாக்கில் பெர்சி ஜூலியன் என்ற கறுப்பின அமெரிக்க வேதியியலாளர் சோயா எண்ணெயிலிருந்து இதே ஸ்டிக்மாஸ்டீராலைப் பிரித்து, அதைப் புரோஜெஸ்ட்ரோன் ஹார்மோனாக மாற்றினார். பொன்னை விடவும் அரிதாக இருந்த ஹார்மோன் மருந்துகள் மலிவாகத் தொடங்கியது அப்போதுதான். இன்றும் தாவர ஸ்டீரால்கள் ஸ்டீராய்டு மருந்துகளுக்கு மூலப்பொருள். வெங்காயத்தாமரை ஸ்டீராலும் அந்தப் பாதையில் போகலாம். அப்போது அது ஒரு தொழிற்சாலையின் தொடக்கப் பொருளாக இருக்கும். நோயாளி விழுங்குவது முற்றிலும் வேறொரு மூலக்கூறு.

ஷிகிமிக் அமிலமும் அப்படியே. ஃப்ளூ காய்ச்சலுக்கான மருந்தான டாமிஃப்ளூவைச் செய்ய இது வேண்டும். பிரியாணியில் போடும் அன்னாசிப்பூதான் இதன் முக்கிய மூலமாக இருந்தது. 2005இல் பறவைக் காய்ச்சல் பயத்தில் உலகமே டாமிஃப்ளூவைச் சேமிக்க ஓடியபோது அன்னாசிப்பூவுக்குத் தட்டுப்பாடு வந்தது. வெங்காயத்தாமரையிலும் ஷிகிமிக் அமிலம் இருப்பதை, இதன் சொந்த மண்ணான பிரேசிலின் ஆய்வாளர்கள் 2014இல் காட்டினார்கள். நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் இதற்குள் மரபணு மாற்றிய ஈ.கோலை பாக்டீரியாவைக் கொண்டு தொட்டியில் ஷிகிமிக் அமிலம் தயாரிக்கும் முறையும் வந்துவிட்டது. ஏரிச் செடி இனி அதோடு விலையில் போட்டி போட வேண்டும்.

எனக்கு அதிக நம்பிக்கை தருவது மூன்றாவது வகை: ஃபீனைல்ஃபீனலினோன்கள். நாவில் சிக்கும் பெயர்தான். செடி உலகில் மிகச் சில குடும்பங்களே இவற்றைச் செய்கின்றன. வாழை அவற்றில் ஒன்று. பூஞ்சை தாக்கும்போது வாழை தன்னைக் காத்துக்கொள்ள இவற்றை உண்டாக்குகிறது. வெங்காயத்தாமரையும் இவற்றைச் செய்கிறது. இத்தாலியின் நேப்பிள்ஸ் ஆய்வாளர்கள் இச்செடியிலிருந்து இந்த வகைச் சேர்மங்கள் பலவற்றைத் தனியே பிரித்து, அவற்றுக்குப் பாசிகளின் வளர்ச்சியைத் தடுக்கும் ஆற்றல் இருப்பதைக் காட்டியிருக்கிறார்கள். ஒளிக்கும் நீரிலுள்ள சத்துக்கும் போட்டியாக நிற்கும் பாசியை அடக்குவது இந்தச் செடிக்குப் பிழைப்பு. இந்தக் குடும்பத்தின் அடிப்படை மூலக்கூறான ஃபீனலினோன் வெளிச்சம் பட்டால் ஆக்சிஜனை வீரியம் மிக்க வடிவுக்கு மாற்றும். அதை அளக்கும் ஆய்வுகளில் உலகெங்கும் அதையே ஒப்பீட்டுப் பொருளாக வைக்கிறார்கள். ஒளியால் கிருமியைக் கொல்லும் மருத்துவத்துக்கு இது நேரடித் தொடர்புள்ள பண்பு. உலகின் மிக மோசமான நீர்க்களை என்று பெயரெடுத்த செடியின் தனிச்சிறப்பு எங்கே என்று கேட்டால் நான் இங்கேதான் விரல் வைப்பேன். டானின் உண்டு, சப்போனின் உண்டு என்ற பட்டியலில் இது தலைகாட்டவே காட்டாது.

தண்ணீர்

இனி, இவ்வகை ஆய்வுகள் பலவற்றில் ஒரே வரியில் கடந்து போகும் விஷயத்துக்கு வருகிறேன்: 'செடி அருகிலுள்ள ஏரியிலிருந்து சேகரிக்கப்பட்டது.'

வெங்காயத்தாமரை அழுக்கை உறிஞ்சும் செடி. 1970களில் நாசாவின் பில் வுல்வர்ட்டன் மிசிசிப்பியில் கழிவுநீரைச் சுத்தப்படுத்த இதைத்தான் பயன்படுத்தினார். 2005இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் இருந்து வந்த ஓர் ஆய்வு, இதன் உலர்ந்த வேர்ப்பொடி குடிநீரிலிருந்து ஆர்சனிக்கை அகற்றும் என்று காட்டியது. ஈயம், காட்மியம், குரோமியம், பாதரசம் ஆகியவற்றைத் தண்ணீரில் உள்ளதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு செறிவாக இது தனக்குள் சேர்த்துக்கொள்ளும்; வேரில் அதிகம், இலையில் குறைவு. இந்தத் திறன் தண்ணீருக்கு நல்லது. அந்தச் செடியை மருந்தாக்க நினைப்பவருக்கு இதுவே பெரிய தடை.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் பாலாற்றுப் படுகைக்குத் தோல் பதனிடும் ஆலைகள் குரோமியத்தைக் கொடுத்திருக்கின்றன. திருப்பூர்ச் சாயக்கழிவு நொய்யலில் ஓடியிருக்கிறது. கூவமும் அடையாறும் சென்னை நகரத்தின் சாக்கடையைச் சுமக்கின்றன. இந்திய ஆயுஷ் அமைச்சகம் மூலிகை மருந்துகளுக்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு ஒரு கிலோவுக்கு ஈயம் 10 மில்லிகிராம், ஆர்சனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3. உலரும்போது செடியின் எடை இருபதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. உலோகம் ஆவியாகிப் போவதில்லை. இந்த வரம்புக்குள் நம் நகரத்து ஏரிச் செடி நிற்குமா என்பதை ஒவ்வொரு முறையும் அளந்தே சொல்ல முடியும். அளக்காமல் அதைக் கசாயமாகவோ சூரணமாகவோ யாருக்கும் கொடுக்கக் கூடாது. மூலிகையை எந்த நிலத்தில் பறிக்க வேண்டும், எங்கே பறிக்கக் கூடாது என்று சித்தமும் ஆயுர்வேதமும் கவனமாகச் சொல்லி வைத்திருக்கின்றன. மரபு மருத்துவத்தின் பெயரால் சாக்கடைச் செடியைப் பரிந்துரைப்பவர்கள் அந்த மரபையே மீறுகிறார்கள்.

தண்ணீர் இன்னொரு வகையிலும் ஆய்வைக் கெடுக்கும். கன உலோகமும் பூச்சிமருந்தும் செல்களைக் கொல்லும். அழுக்கேரிச் செடியின் சாறு பாக்டீரியாவையும் புற்றுநோய் செல்லையும் கொன்றால், கொன்றது செடியின் மூலக்கூறா, ஏரியின் கழிவா? உலோக அளவைப் பார்க்காத ஆய்வேட்டால் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

மருந்தென்று கண்டுபிடித்துவிட்டால் ஏரிகள் தாமாகச் சுத்தமாகிவிடும் என்ற நம்பிக்கையையும் இங்கேயே பேசிவிட வேண்டும். அடர்ந்து மூடிய ஒரு ஹெக்டேரில் 300, 400 டன் பச்சைச் செடி நிற்கக்கூடும். மருந்து மூலக்கூறு கிலோக் கணக்கில் தேவைப்படும் பொருள். அதற்கான செடியைச் சுத்தமான நீரில், ஒரே தரத்தில், ஆண்டு முழுவதும் தர வேண்டும். எந்த மருந்து நிறுவனமும் ஒரு மாதம் ஒரு மாதிரியும் மறுமாதம் வேறு மாதிரியுமாக வரும் சாக்கடை அறுவடையை வாங்காது. தேவை உறுதியானால் செடியைத் தொட்டியில் பயிரிடத் தொடங்குவார்கள். ஏரியில் இருப்பது அப்படியே இருக்கும், பயிரிட்டது தப்பினால் இன்னொரு ஏரியும் மூடும். ஏரியில் இந்தச் செடி கொழிப்பது சாக்கடை கொண்டுவரும் நைட்ரஜனாலும் பாஸ்பரஸாலும். அந்தக் குழாயை அடைக்காமல் எதைச் செய்தாலும் அது திரும்ப வரும்.

செய்யக்கூடிய ஓர் ஆய்வு

இவ்வளவும் சொன்னது மாணவர்கள் இந்தச் செடியைத் தொடக் கூடாது என்பதற்காக அல்ல. இதில் அருமையான ஒரு வாய்ப்பு இருக்கிறது. வெங்காயத்தாமரை பெரும்பாலும் ஓடுதண்டு விட்டுக் குட்டி போட்டே பெருகுகிறது. உலகெங்கும் பரவியிருப்பவற்றில் பெரும்பகுதி மரபணு அளவில் ஒரே செடியின் நகல்கள் என்று மரபியல் ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆகவே இரண்டு ஏரிச் செடிகளின் வேதியியல் வேறுபட்டால் அதற்கு முதல் காரணமாகத் தண்ணீரையும் வெயிலையும் பருவத்தையும்தான் சந்தேகிக்க வேண்டும். இதை எந்தக் கல்லூரியிலும் சோதிக்கலாம்.

ஒரே தாய்ச்செடியின் குட்டிகளை எடுத்து, ஒரே வெயிலில் இரண்டு வரிசைத் தொட்டிகளில் வளர்க்கட்டும். ஒன்றில் சுத்தமான நீரும் அளந்து கரைத்த உரச்சத்தும்; மற்றதில் ஏரித் தண்ணீர். குட்டிகளின் தலைமுறை இரண்டு மூன்று கடந்த பிறகு அறுத்து, வேரையும் இலையையும் தனித்தனியே உலர்த்தி, முதலில் உலோகங்களை அளக்கட்டும். பிறகு சாறெடுத்து, ஸ்டிக்மாஸ்டீராலும் ஷிகிமிக் அமிலமும் ஒரு கிராம் பொடியில் எத்தனை மில்லிகிராம் என்று தூய மாதிரியோடு ஒப்பிட்டு எண்ணாகச் சொல்லட்டும். கண்ணாடிப் புட்டிகளையே பயன்படுத்தி, செடியில்லாத வெறும் கரைப்பானையும் கருவியில் ஓட்டிப் பார்த்தால், ஆய்வகத்திலிருந்து வந்த தாலேட் எது என்பது அங்கேயே தெரிந்துவிடும். சுத்த நீரில் வளர்ந்த செடியின் சாறும் அதே அளவுக்குப் பாக்டீரியாவைத் தடுத்தால் அந்த ஆற்றல் செடிக்குச் சொந்தம். அடுத்து அதைப் பகுதி பகுதியாகப் பிரிக்கத் தொடங்கலாம். ஏரிச் செடியின் சாறு மட்டும் தடுத்தால், நம் ஏரியைப் பற்றி வேறொரு அறிக்கை எழுத வேண்டியிருக்கும்.

சுத்த நீரில் வளர்ந்த மிச்சச் செடிகளைக் கல்லூரிச் சாக்கடையில் வீசாமல், வெயிலில் நன்றாகக் காய வைத்து, பூங்கொத்துகளை விதை முற்றுவதற்கு முன்பே அறுத்து எரித்துவிட வேண்டும். ஏரித் தண்ணீர்த் தொட்டியில் வளர்ந்தவற்றை எரிக்கவும் கூடாது, உரக்குழியில் போடவும் கூடாது; உலோக அளவு கைக்கு வரும்வரை அவற்றை மூடிய பையில் தனியே வைத்திருக்க வேண்டும்.